ஸ்ரீமான் அ. மாதவையா

நம் நாட்டுக் கதைகளிலே ஸ்திரீகளின் பெருமை பேசப்படாத காலம் இருந்ததில்லை. பதிவிரதைகளின் சரித்திரங்களைப் பாட்டிமார் மடியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அக்கதைகளுட் பெரும்பாலானவற்றில் பொறுத்தவள் புகழப்பட்டாளேயன்றி, அவள் அவ்வாறு பொறுக்க நேர்ந்தது நியாயமா என்று வினவப்படவில்லை. அரசவையில் நீதி கேட்ட கண்ணகியும் தன் கணவன் பொருட்டே கேட்டாள். தன் பொருட்டுக் கேட்டாளில்லை. தன் துயரைத் தன் வாயாலேயே எடுத்துரைக்கும் ஒரு பெண்ணைத் தமிழ் வசனத்தில் முற்பட நிறுத்தியவர்களுள் ஒருவர் அ. மாதவையா. அவரது வாழ்க்கையை நம் அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

மாதவையா 1872-ம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெருங்குளம் என்னும் ஊரில் பிராமண குலத்திற் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்று 1892-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் அரசாங்கத்து உப்பு, அப்காரி இலாகாவில் உத்தியோகம் ஏற்றுப் பல ஊர்களிற் பணி புரிந்தார். அக்கால வழக்கப்படி தாமும் இளம்பிராயத்திலேயே மீனாட்சி அம்மையாரை மணந்தவர். ஆதலின் பால்ய விவாகத்தைப் பற்றி அவர் எழுதியது பிறர் வீட்டுச் செய்தியைத் தூரத்தில் நின்று பேசுவதாக அமையவில்லை.

அக்காலத்து நிலைமையை ஒருவாறு நினைவிற்கொள்ளுதல் வேண்டும். விதவைகள் மறுமணம் புரியலாமென்று 1856-லேயே சட்டம் பிறந்துவிட்டது. பெண்ணின் சம்மத வயதைப் பன்னிரண்டாக உயர்த்தி 1891-ல் மற்றொரு சட்டம் வந்தது. எனினும் சட்டம் கொடுத்த அனுமதியைக் குடும்பம் கொடுக்கவில்லை. கணவன் முகத்தை நன்கறியாத சிறுமியும் அவன் இறந்தபின் கைம்மைக் கோலம் பூண்டாள். மறுமணத்துக்குத் துணை நின்றோரைச் சுற்றத்தார் விலக்கி வைத்தனர்.

இந்நிலையில், 1892-ல், இருபது வயது இளைஞரான மாதவையா ‘விவேகசிந்தாமணி’ என்னும் பத்திரிகையில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்றொரு கதையைத் தொடங்கினார். அது முற்றுப்பெறாமல் இடையில் நின்றது. ஆசிரியர் அதனைக் கைவிட்டாரில்லை. 1903-ல் ‘முத்துமீனாக்ஷி’ என்னும் பெயரால் முழுநூலாக வெளியிட்டார். ஒரு பிராமணப் பெண் தன் சரித்திரத்தைத் தானே உரைப்பதாக அஃது அமைந்தது. இளமை மணம், மாமியார் வீட்டுக் கொடுமை, கணவன் மரணம், விதவை வாழ்வு ஆகியவற்றை அவளே சொல்கின்றாள். முடிவில் மறுமணமும் புரிகின்றாள். இதனாற் பலர் சினங்கொண்டது வியப்பன்று. பிறர் வந்து பழித்திருந்தால் விரோதமென்று தள்ளியிருப்பர். தம் குலத்துள்ளே பிறந்த ஒருவர், தம் வீட்டுக் கூடத்திலும் சமையலறையிலும் நடப்பதை எழுதியபோது அங்ஙனம் தள்ளுதல் எளிதாயில்லை.

அவரது புகழ்பெற்ற நாவலான ‘பத்மாவதி சரித்திரம்’ 1898, 1899-ம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. அதில் வரும் நாராயணன் ஆங்கிலக் கல்வி பெற்றவன், மனைவியிடம் அன்புடையவன். அவனே தன் உற்ற நண்பனாகிய கோபாலனோடு அவளைச் சேர்த்து ஐயுறுகின்றான். சமூகத்தின் குறைக்கெல்லாம் கல்லாமையே காரணமென்று சீர்திருத்தக்காரர் பேசிவந்த நாளில், பட்டம் பெற்றவன் மனத்திலும் அப்பழைய சந்தேகம் குடியிருத்தலை மாதவையா காட்டினார். ஆயினும் பத்மாவதி பொறுமையிலே பழைய பதிவிரதைகளின் வழிவந்தவளே. அந்த எல்லையை ஆசிரியர் அந்நூலில் முற்றும் கடந்தாரில்லை என்பதையும் நாம் சொல்லவேண்டும்.

ஆங்கிலத்திலும் அவர் நாவல்கள் எழுதினார். 1915-ல் வெளிவந்த ‘கிளாரிந்தா’ பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு மராட்டிய பிராமண விதவையின் சரித்திரத்தைத் தழுவியது. அவள் உடன்கட்டையினின்றும் மீட்கப்பட்டுக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவள். பாளையங்கோட்டையில் ஆலயம் எழுப்பியவள். அவள் மதம் மாறியதை இகழாமலும், தம் சமூகம் அவளை இழந்தது எதனால் என்பதை மறைக்காமலும் அவர் எழுதியது அக்காலத்துக்கு அரிய நேர்மையாகும். ‘ஹிந்து’ பத்திரிகையில் ஆங்கிலத்தில் வந்த அவரது சிறுகதைகள் பின்னர் அவராலேயே தமிழாக்கப்பெற்றுக் ‘குசிகர் குட்டிக் கதைகள்’ என 1924-ல் நூலாயின.

உத்தியோகத்தினின்றும் முன்கூட்டியே ஓய்வு பெற்று, 1924-ல் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தையும் எழுதத் தலைப்பட்டார். அது நிறைவேறவில்லை. 1925-ம் ஆண்டு அக்டோபர் 22-ம் நாள் சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனெட் சபையில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று பேசி அமர்ந்தவர் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 53. பெண்களின் விவாக வயதைப் பதினான்காக விதித்த சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறியதைக் காண அவர் இருந்தாரில்லை.

ஒரு குலத்தார் தம் குறையைத் தாமே எடுத்துரைத்தல் குலத்துரோகம் என்று எண்ணுவோர் எச்சங்கத்திலும் உண்டு. மாதவையா தம் குலத்தை வெறுத்தாரில்லை. தம் குலத்துப் பெண்களையும் அக்குலத்தாராகவே எண்ணினார். அவர் கண்ட கொடுமைகளுட் பல இன்று ஒழிந்தன. எனினும், தன் மகனின் மணப்பந்தலில் மங்கல காரியத்துக்கு முன்வராது தூண் மறைவில் ஒதுங்கி நிற்கும் தாய் இன்றும் நம்மிடையே உளள். அவளை யாரும் விலக்குவதில்லை, அழைப்பாரும் இலர். அடுத்த சுபகாரியத்தில் அவளை முன்னே அழைத்து அக்ஷதை இடச்செய்வது நம் குடும்பங்கள் ஒவ்வொன்றாலும் இயலும். அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, சங்கத் தீர்மானமும் வேண்டியதில்லை.