நீல ரயில் தந்த பாடம்

துப்பறியும் நாவல் என்றால் சாப்பாட்டையே மறந்துவிடும் நம் ஹாஸ்டல்காரர்களுக்கு அகதா கிறிஸ்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தான் எழுதியதில் அவருக்கே பிடிக்காத ஒரு நாவல் உண்டு, தெரியுமா?

1890-ல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் பிறந்தவர். சிறு வயதுப் படிப்பு பெரும்பாலும் வீட்டிலேதான். முதல் உலகப் போரின்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பிறகு மருந்து கலக்கும் பிரிவு. அதற்கான பரீட்சையையும் எழுதிப் பாஸ் செய்தார். எது எந்த அளவில் விஷமாகும் என்று அங்கே கற்றதுதான் பின்னாளில் கதைகளுக்கு மூலதனம்! 1920-ல் முதல் நாவல் வெளிவந்தது. மீசைக்காரத் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பாய்ரோ அதில்தான் அறிமுகமானார்.

1926-ல் புகழ் வந்தது. கூடவே அடி மேல் அடியும் வந்தது. தாய் இறந்தார். கணவர் வேறொரு பெண்ணை விரும்பி விவாகரத்து கேட்டார். டிசம்பரில் அகதா காணாமலே போய்விட்டார்! 11 நாள் கழித்து ஹாரோகேட் நகர ஓட்டல் ஒன்றில் வேறு பெயரில் தங்கியிருந்தவரைக் கண்டுபிடித்தார்கள்.

1927-ல் கையில் காசு வேண்டும். பதிப்பகத்துக்குப் புத்தகமும் தர வேண்டும். ஏழு வயது மகளோடும் செக்ரட்டரியோடும் கேனரி தீவுகளுக்குப் போனார். தன் பழைய சிறுகதை ஒன்றையே இழுத்து நீட்டி, 'நீல ரயில் மர்மம்' என்ற பாய்ரோ நாவலாக்கினார். அவர் சொல்லச் சொல்ல செக்ரட்டரி எழுதினார். மகளோ பக்கத்தில் நின்று தொணதொணத்தாள். மனசு ஒட்டவே இல்லை. ஆனாலும் முடித்தார். 1928-ல் வெளியான அந்த நாவல் கடைசிவரை அவருக்குப் பிடிக்கவே இல்லை. பாய்ரோ வரிசையில் அது கொஞ்சம் சோடைதான் என்று சொல்லும் ரசிகர்களும் உண்டு.

ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கு! தோன்றும்போது எழுதியவர், தோன்றாதபோதும் எழுதத் தெரிந்தவரானார். பொழுதுபோக்கு தொழிலானது அந்தச் சோடைப் புத்தகத்தால்தான். 1934-ல் மறுபடியும் ஒரு ரயில், மறுபடியும் பாய்ரோ. 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' உலகப் புகழ் பெற்றது! 1976-ல், 85 வயதில் அகதா மறைந்தபோது 60-க்கும் மேற்பட்ட துப்பறியும் நாவல்கள் அவர் பெயரில் இருந்தன.

ஒரு செமஸ்டர் சொதப்பினால் நாம் என்ன செய்கிறோம்? டிராயிங் ஷீட்டைச் சுருட்டி மூலையில் வைக்கிறோம். வேண்டாம் நண்பா! கோடு கோணலானாலும் ஷீட்டை முடித்துக் கொடு. அடுத்த ரயில் நிச்சயம் வரும்!