வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த டாக்டர்

குழந்தைகளே! கஞ்சி குடித்தால் சீக்கிரமே பசிக்கிறது. எண்ணெய்ப் பலகாரத்தை ஒரு பிடி பிடித்தால், அடுத்த வேளை வரை வயிறு மந்தமாகவே இருக்கிறது. ஏன் இப்படி? உயிருள்ள மனிதரின் இரைப்பைக்குள் பார்த்து இதை ஆராய்ந்தவர், வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க டாக்டர்.

கனெக்டிகட் மாநிலத்தில், 1785ல், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் போமான்ட். சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். மருத்துவக் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு டாக்டரிடம் உதவியாளராக இருந்தே வைத்தியம் கற்றார். பின், ராணுவ டாக்டரானார்.

ஹூரான் ஏரியில் உள்ள மாக்கினா தீவில் அவர் பணியாற்றினார். 1822 ஜூன் 6ம் தேதி, அங்கிருந்த கடை ஒன்றில், துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டு இளைஞரின் இடது விலா கிழிந்து, இரைப்பையில் ஓட்டை விழுந்தது. படகு ஓட்டிப் பிழைத்த ஏழை அவர். உயிர் தங்காது என்றே போமான்ட் நினைத்தார். ஆனாலும், விடாமல் வைத்தியம் செய்து காப்பாற்றினார்.

காயம் ஆறியது, ஓட்டை மட்டும் மூடவில்லை. அதன் உள்பக்கம் சதை மடிப்பு ஒன்று வளர்ந்து, கதவு போல் அடைத்துக்கொண்டது. அதை விரலால் தள்ளினால், இரைப்பையின் உள்ளே தெரிந்தது!

ஆராய்ச்சி 1825ல் துவங்கியது. இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி, ஓட்டை வழியே உள்ளே விட்டார். மணிக்கு ஒரு முறை வெளியே இழுத்துப் பார்த்தார். முதல் மணி நேரத்தில் ரொட்டியும், கோஸும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது.

இப்படிப் பல உணவுகளைச் சோதித்துப் பட்டியல் போட்டார். சோறு 1 மணி நேரம், காய்ச்சிய பால் 2 மணி, கெட்டியாக வேகவைத்த முட்டை மூன்றரை மணி, வறுத்த பன்றி இறைச்சி ஐந்தேகால் மணி! இது இரைப்பையில் ஆகும் நேரம் மட்டுமே. மீதி வேலை சிறுகுடலில் நடக்கிறது. கொழுப்பு மிகுந்த உணவு, இரைப்பையை விட்டு மெதுவாகவே இறங்கும் என்பதை இன்றைய அறிவியலும் சொல்கிறது.

இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, இறைச்சியைப் போட்டு, இளஞ்சூட்டில் வைத்தார். அங்கேயும் இறைச்சி கரைந்தது. செரிமானம் என்பது வெறும் அரைப்பு வேலை அல்ல, ரசாயன மாற்றம் என்பது உறுதியானது. கோபம் வந்தால் செரிமானம் கெடுவதையும் கவனித்தார். இவற்றை எல்லாம் 1833ல் புத்தகமாக வெளியிட்டுப் புகழ் பெற்றார். 1853ல், பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்தவர், அதன் பின் சில வாரங்களில் காலமானார்.

அலெக்சிஸ் என்ன ஆனார்? டாக்டர் வீட்டிலேயே வேலைக்காரராக விறகு வெட்டிக்கொண்டு, சோதனைகளின் குமட்டலையும் வலியையும் தாங்கினார். 1834ல் ஊருக்குப் போனவர், எத்தனை முறை அழைத்தும் திரும்பவில்லை. 1880ல் அவர் இறந்தபோது, டாக்டர்கள் உடலைக் கேட்பார்களோ என்று பயந்த குடும்பத்தார், மிக ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தனர்.

இன்று, ஒருவரிடம் விளக்கிச் சொல்லி, அவர் மனமார சம்மதித்தால்தான் சோதனை செய்யலாம். வேண்டாம் என்றால் எப்போதும் விலகலாம். செரிமானம் பற்றிப் பாடத்தில் படிக்கும்போது, போமான்ட்டோடு அலெக்சிஸையும் நினைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளே!