செவியால் நோய் கண்ட மேதை

பெருந்துறை என்றதும் கொங்குநாட்டு முதியோர் பலர்க்கு நினைவில் எழுவது, காசநோயாளர்க்கு அடைக்கலம் தந்த சானடோரியமே. இன்று மருத்துவக் கல்லூரி விளங்கும் அவ்வளாகத்தின் வாயிலில், ஓயாது இருமும் மழலையைத் தோளிற் சுமந்து நிற்கும் தாயரைக் காணுந்தோறும், நெஞ்சக நோயை அறியும் வழி காட்டிய ரெனே லென்னக்கை நாம் எண்ணுகின்றோம்.

லென்னக் 1781 பிப்ரவரி 17இல் பிரான்சு நாட்டுக் கெம்பேர் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். அவ்வன்னையை மாய்த்தது காசநோய் என்பர். நாந்து நகர மருத்துவரான சிற்றப்பா அவரை வளர்த்து மருத்துவக் கலையில் ஈடுபடுத்தினார்.

1816இல் பாரிசு நெக்கர் மருத்துவமனையில், இதய நோயுற்ற இளம்பெண் ஒருத்தியை அவர் ஆராய நேர்ந்தது. மார்பில் செவி வைத்துக் கேட்க நாணம் தடுத்தது. தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். துடிப்புத் தெளிவாய் ஒலித்தது. புல்லாங்குழல் இசைக்க வல்ல அவர், பின்னர் மரத்தைக் கடைந்து தம் கையாலேயே குழல் செய்தார். அதுவே ஸ்டெதாஸ்கோப்.

நோயாளர் மார்பில் கேட்ட ஒலிகளையும், அவர் இறந்தபின் உடலில் கண்ட மாற்றங்களையும் ஒப்பிட்டு 1819இல் நூலாக்கினார். மூச்சுக்குழல் விரிந்து சளி தேங்கும் நோயை அதில் விளக்கினார். கக்குவான் இருமலால் இறந்த குழந்தையின் உடலில் 1808இல் அதனை முன்னரே கண்டவர் கயோல் என்பதையும் மறையாது உரைத்தார்.

நம் இல்லங்களுக்குரிய பாடம் இங்கேதான் உள்ளது. குழந்தைக்கு மார்ச்சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருமாயின், ஒவ்வொரு முறையும் புதுநோயெனக் கருதி மருந்தூட்டி அமைதல் தகாது. ஓராண்டில் எத்தனை முறை வந்தது, எடை கூடுகின்றதா, வீட்டில் காசநோயாளர் உளரா, அடுப்புப் புகையோ பீடிப் புகையோ உண்டா, நிலக்கடலை தின்கையில் புரையேறியதா என மருத்துவர் வினவுவார். நுரையீரலின் ஒரே பகுதியில் நோய் மீளின், மூச்சுக்குழலில் பொருள் சிக்கியுள்ளதோ என ஐயுறுவார். பல பகுதிகளில் வரின் ஆஸ்துமா, எதிர்ப்பாற்றல் குறைவு, பிறவி இதயக்குறை ஆகியவற்றை எண்ணுவார். எக்ஸ்ரே முதலிய சோதனைகள் அதன்பின் தொடரும். காலந்தாழ்த்தினால் குழல் விரிவு நிலைத்துவிடவும் கூடும்.

காசநோயை ஒலியால் அறியக் கற்பித்த லென்னக், அந்நோயாலேயே 1826 ஆகஸ்ட் 13இல், தம் 45ஆம் வயதில் மறைந்தார். தம் குழலை உறவினரும் மருத்துவருமான மெரியாதெக்கிற்கு விட்டுச் சென்றார்.

கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். மருத்துவர் செவிகொடுக்க, பெற்றோர் பழைய சீட்டுகளோடு குழந்தையின் நோய்க்கதை முழுவதையும் சொல்லுதல் வேண்டும். இதனை மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லங்களில் எடுத்துரைப்பார்களாக!