வக்கீல் போட்ட வேஷம்

சென்னை ஜார்ஜ் டவுனில் ஆச்சாரப்பன் தெரு என்று ஒரு தெரு உண்டு. கடைகளும் கிடங்குகளும் நிறைந்த பகுதி. அந்தத் தெருவில் ஒரு வீட்டில், 1873-ம் ஆண்டு பிறந்தார் பம்மல் சம்பந்த முதலியார். தமிழ் நாடகத்தின் தந்தை என்று பின்னாளில் எல்லோரும் போற்றியது இவரைத்தான்.

பம்மல் என்பது பல்லாவரத்துக்கு அருகே உள்ள ஊர். அது முன்னோரின் ஊர். தந்தையின் பெயர் விஜயரங்க முதலியார். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரி. தமிழ் நன்றாகக் கற்றவர். பையனுக்கு வைத்த முழுப் பெயர் திருஞானசம்பந்தம். பெயர் நீளமாக இருந்ததால், சம்பந்தம் என்ற அளவில் நின்றுவிட்டது.

வீடு நிறைய புத்தகங்கள். பையன் படிப்பில் கெட்டிக்காரன். மாநிலக் கல்லூரியில் படித்தான். இப்படிப்பட்ட பிள்ளை நாடகம் பக்கம் போவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவனே எதிர்பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

பிடிக்காத நாடகம்

அந்தக் காலத்து நாடகம் எப்படி இருந்தது? இரவு தொடங்கினால் விடியும்வரை நடக்கும். பாட்டு, பாட்டு, மேலும் பாட்டு. ராஜபார்ட் வந்து பாடுவார். ஸ்திரீபார்ட் பதிலுக்குப் பாடுவார். சாகிற நேரத்திலும் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் சாவார்கள். நடிக்கிறவர்களைக் கூத்தாடி என்று ஏளனமாகச் சொல்லுவார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது பெரியவர்களின் எண்ணம்.

சம்பந்தமும் தமிழ் நாடகம் என்றால் முகம் சுளித்தவர்தான்.

1891-ம் ஆண்டில் பல்லாரியிலிருந்து ஒரு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. சரச வினோதினி சபை என்று பெயர். தெலுங்கில் நாடகம் போட்டார்கள். அதன் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார். அவர் ஒரு வக்கீல்! அவரே நாடகம் எழுதுகிறார், அவரே வேஷம் போடுகிறார். கூட நடிப்பவர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள். கூலிக்கு நடிக்கவில்லை. ஆசைக்கு நடித்தார்கள்.

சம்பந்தத்துக்கு அப்போது வயது 18. அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ஒரே நினைப்பு. தெலுங்கில் முடிகிற காரியம் தமிழில் ஏன் முடியாது?

சபை பிறந்தது

ஒரு சில நண்பர்கள் கூடினார்கள். 1891-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி, சுகுண விலாச சபை தொடங்கியது. கையில் பணம் இல்லை, திரை இல்லை, உடை இல்லை. நாடகமும் இல்லை! ஆகவே சம்பந்தமே எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியது புஷ்பவல்லி. 1893-ல் அது மேடை ஏறியது.

இவர்கள் நடத்திய முறை புதிது. விடியவிடிய நாடகம் கிடையாது. நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். பாட்டைக் குறைத்தார்கள். கதையை வசனம் நடத்தியது. மனிதர்கள் வீட்டில் பேசுவதுபோல மேடையில் பேச ஆரம்பித்தார்கள். ஒத்திகைக்கு வராமல் மேடை ஏற முடியாது.

யாருக்கும் சம்பளம் இல்லை. பகலில் கோர்ட்டு, ஆபீசு, கல்லூரி. மாலையில் ஒத்திகை. வக்கீல்களும் டாக்டர்களும் அரிதாரம் பூசிக்கொண்டார்கள். வக்கீல் வி. வி. சீனிவாச அய்யங்கார் தொடக்க காலத்திலேயே சபையில் சேர்ந்தவர். பின்னாளில் காங்கிரஸ் தலைவராகப் புகழ் பெற்ற எஸ். சத்தியமூர்த்தி இந்தச் சபையின் நாடகங்களில் நடித்தவர். தமிழோடு தெலுங்கு, வடமொழி, ஆங்கில நாடகங்களையும் சபை போட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது படித்தவர்களின் சபை, பட்டணத்துச் சபை. கிராமம் கிராமமாகச் சென்று, கொட்டகை போட்டு, ஏழை எளியவர்களுக்கு நாடகம் காட்டியவர்கள் தொழில்முறைக் கம்பெனிக்காரர்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் போன இடங்களுக்குச் சுகுண விலாச சபை போனதில்லை. ஆனால் நடிப்பது கேவலமான தொழில் அல்ல என்று மேல்தட்டு மனிதர்களை ஒப்புக்கொள்ள வைத்தது இந்தச் சபைதான்.

சங்கிலி அறுந்தது

1895-ல் வந்தது மனோகரா.

கதை பலருக்குத் தெரியும். புருஷோத்தமன் என்ற அரசன், வசந்தசேனை என்பவளின் மயக்கத்தில் விழுகிறான். பட்டத்து ராணி பத்மாவதிக்கு அவமானம் மேல் அவமானம். மகன் மனோகரன் பெரிய வீரன். கொதிக்கிறான். ஆனால் தாய் அவனுக்குக் கட்டளை போட்டிருக்கிறாள். அவள் சொல்லாமல் கை ஓங்கக்கூடாது. கடைசியில் சபையில் மனோகரனைச் சங்கிலியால் கட்டி நிறுத்துகிறார்கள். தாயின் மானத்துக்கு இழுக்கு வருகிறது. இனியும் பொறுக்க முடியாது என்ற நிலையில் தாய் அனுமதி கொடுக்கிறாள். மனோகரன் திமிறுகிறான். சங்கிலி அறுகிறது!

இந்த வேஷத்தைப் போட்டவர் சம்பந்த முதலியார். தமிழ்நாட்டில் நாடகக் கம்பெனி வைத்திருந்தவர்கள் எல்லோரும் பின்னர் மனோகராவைப் போட்டார்கள். டி. கே. எஸ். சகோதரர்களுக்கு முதலியாரே இந்த நாடகத்தைச் சொல்லிக் கொடுத்தார். டி. கே. சண்முகம் மனோகரனாக நடித்துப் பெயர் வாங்கினார். தம் நாடகத்தைப் போட விரும்பும் கம்பெனிகள் அனுமதி பெற்று, பணம் கட்ட வேண்டும் என்பதில் முதலியார் கண்டிப்பானவர். வக்கீல் அல்லவா! எழுதியவனுக்கு உரிமை உண்டு என்பதைத் தமிழ்நாட்டு நாடகக்காரர்கள் இவரிடம் தெரிந்துகொண்டார்கள்.

ரங்கவடிவேலு

அந்த 1895-ல்தான் சபைக்கு இன்னொரு செல்வமும் கிடைத்தது. சி. ரங்கவடிவேலு என்ற இளைஞர் வந்து சேர்ந்தார்.

அப்போது பெண் வேஷத்தையும் ஆண்களே போடுவது வழக்கம். ரங்கவடிவேலு பெண் வேஷத்தில் வந்தால், ஆண் என்பதே ஜனங்களுக்கு மறந்துவிடும். முதலியார் நாயகன், ரங்கவடிவேலு நாயகி. இந்த ஜோடி ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. கால் நூற்றாண்டுக்கு மேல் நடித்தது. ரங்கவடிவேலுவை மனதில் வைத்துக்கொண்டே முதலியார் பாத்திரங்களை எழுதினார். மேடையில் கணவன் மனைவி. கீழே இறங்கினால் இணைபிரியாத நண்பர்கள்.

1923-ல் ரங்கவடிவேலு இறந்துபோனார். முதலியாருக்கு அப்போது வயது 50. சபை இருந்தது, மேடை இருந்தது. எதிரே நின்று பதில் வசனம் பேச அந்த நண்பர் இல்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய நினைவுகளில் ரங்கவடிவேலுவின் பெயர் வராத பகுதி குறைவு.

இங்கிலீஷ் கதை, தமிழ் வேட்டி

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை முதலியார் தமிழுக்குக் கொண்டுவந்தார். சும்மா மொழிபெயர்க்கவில்லை. ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான். மாக்பெத் மகபதி ஆனான். வெனிஸ் நகரத்து வியாபாரி வாணீபுரத்து வணிகன் ஆனான். பெயரைக் கேட்டாலே ஓசை ஒத்துவருகிறது பாருங்கள்! ஆங்கிலம் அறியாதவர்களும் பார்த்து ரசித்தார்கள்.

சிரிக்க வைப்பதிலும் மன்னர். 1906-ல் எழுதியது சபாபதி. அசட்டு எஜமான் சபாபதி முதலியார். அவருக்கு ஒரு வேலைக்காரன், அவன் பெயரும் சபாபதி. எஜமானை மிஞ்சிய அசடு அவன். இதற்கு மேல் கேட்க வேண்டுமா?

மொத்தம் 90-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். எல்லாமே உயர்ந்த சரக்கு என்று சொல்ல முடியாது. அவசரத்துக்கு எழுதியவையும் உண்டு. ஆனால் மேடைக்கு எது நிற்கும், எது நிற்காது என்று அவருக்குத் தெரியும்.

இதற்கு நடுவே சொந்த வாழ்க்கையும் நடந்தது. 1898-ல் வக்கீல் ஆனார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்குக் கோர்ட்டில் நீதிபதி. ராவ் பகதூர் பட்டமும் வந்தது. கூத்தாடி என்று சொல்லிப் பழகிய ஊர், வேஷம் போட்டவரை நீதிபதி ஆசனத்தில் பார்த்தது!

சபைக்கு வயது 50

சுகுண விலாச சபை 1902-ல் விக்டோரியா பப்ளிக் ஹாலில் குடியேறியது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் 34 ஆண்டுகள் சபை இருந்தது. தசரா வந்தால் கொண்டாட்டம், ஜூலை மாதம் வந்தால் சபையின் பிறந்தநாள். வெளியூர்களுக்கும் போனார்கள். 1911-ல் கடல் கடந்து இலங்கைக்கும் போனார்கள். பின்னர் 1913-ல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை தோன்றியது. அங்கே நாடகம் வளர்த்த கலையரசு சொர்ணலிங்கம், முதலியாரையே தம் குருவாகக் கொண்டவர்.

1936-ல் சபை மவுண்ட் ரோட்டுக்குச் சொந்த இடம் தேடிப் போயிற்று. அதே ஆண்டில் மனோகரா சினிமாவாகவும் வந்தது. முதலியார் அதில் நடித்தார். மகன் மனோகரனாக அல்ல; தகப்பன் புருஷோத்தமனாக! 1895-ல் போட்ட வேஷத்துக்கு இப்போது வேறு ஆள்.

1941-ல் சபைக்கு வயது 50 நிறைந்தது. அந்த ஆண்டு கடைசியில் ஏவி. மெய்யப்பன் எடுத்த சபாபதி படமும் வந்தது. டி. ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் ஊரையே சிரிக்க வைத்தார்கள். 1954-ல் மனோகரா மறுபடியும் படமானது. சிவாஜி கணேசன் மனோகரன், கண்ணாம்பா தாய், வசனம் மு. கருணாநிதி. முதலியாரின் கதை, புதிய தமிழில் இடி முழங்கிற்று.

சபை மட்டும் மெல்ல மாறியது. சினிமா வந்த பிறகு நாடகத்துக்குக் கூட்டம் குறைந்தது. சீட்டாட்டமும் பொழுதுபோக்கும் உள்ள மனமகிழ் மன்றமாகச் சபை ஆயிற்று. ஒத்திகைக்கு ஒரு நிமிடம் தாமதித்தாலும் பொறுக்காதவர் தொடங்கிய சபைக்கு இப்படி ஒரு முதுமை.

முதலியார் எழுதுவதை விடவில்லை. நாடக மேடை நினைவுகள் என்று ஆறு பாகங்கள் எழுதினார். வெற்றியைப் போலவே தோல்வியையும் மறைக்காமல் எழுதியிருப்பது அந்தப் புத்தகத்தின் அழகு. நாடகம் போட நினைப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. 1959-ல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது வழங்கியது. 90 வயதில் தம் சுயசரிதையையும் வெளியிட்டார்.

2002-ல் கமலஹாசன் நடித்த பம்மல் கே. சம்பந்தம் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியுமோ!

1964-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ந் தேதி முதலியார் காலமானார். வயது 91. ரங்கவடிவேலு மறைந்து அப்போது 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.