அந்த போட்டோல ஏன் ஆளே இல்லை?

உங்க காலேஜோட பழைய போட்டோ எதையாவது நிதானமா நின்னு பார்த்திருக்கீங்களா? கட்டடத்தை மட்டும் பார்த்துட்டு நகர்ந்திருப்பீங்க. அதை எப்படிப் படிக்கணும்னு 1840-களிலேயே சொல்லிக்கொடுத்த ஒருத்தரோட கதைதான் இது.

வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1800-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். எல்லாம் நல்லா வந்த அந்த மனுஷனுக்கு வராத ஒன்று, படம் வரைவது!

1833-ல் மனைவியோடு இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போயிருந்தார். கேமரா லூசிடா என்ற கருவியை வைத்து ஏரியை வரைந்து பார்த்தார், கிறுக்கல்தான் மிஞ்சியது. ஒளி விழுந்த காட்சி தானாகவே காகிதத்தில் பதிந்தால் எப்படியிருக்கும் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

ஊர் திரும்பியதும் காகிதத்தில் உப்புக் கரைசலையும் சில்வர் நைட்ரேட்டையும் தடவி சோதனைகளை ஆரம்பித்தார். 1835 ஆகஸ்டில் லேகாக் அபே என்ற தன் வீட்டு ஜன்னலைப் பதிவு செய்தார். தபால்தலை அளவு நெகட்டிவ்தான். ஆனால் லென்ஸ் வைத்து எண்ணினால் சுமார் 200 கண்ணாடிச் சில்லுகள் தெரிந்தன.

இங்கேதான் நம்மில் பலர் செய்கிற தப்பை அவரும் செய்தார். ப்ராஜெக்டை முடிச்சிட்டு சப்மிட் பண்ணாம விட்டுட்டார்! வேறு ஆராய்ச்சிகளில் மூழ்கிவிட்டார். 1839 ஜனவரியில் பாரிஸிலிருந்து டாகுவேரின் கண்டுபிடிப்பு பற்றிய அறிவிப்பு வந்தது. பதறிப்போன டால்பட், அந்த மாதக் கடைசிக்குள் லண்டனில் தன் படங்களைக் காட்டினார். ஆனால் புகழ் போனது போனதுதான்.

இருந்தும் அவர் விடவில்லை. டாகுவேரின் முறையில் ஒரு தகட்டுக்கு ஒரே படம். டால்பட்டின் முறையிலோ, ஒரு நெகட்டிவ் இருந்தால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். பிலிம் ரோல் காலம் முடியும்வரை உலகம் பின்பற்றியது இந்த வழியைத்தான்.

1844-லிருந்து ‘தி பென்சில் ஆஃப் நேச்சர்’ என்ற நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். மொத்தம் 24 படங்கள், ஒவ்வொன்றும் கையால் ஒட்டியவை. முதல் படம் என்ன தெரியுமா? ஆக்ஸ்போர்டின் குவீன்ஸ் கல்லூரி. கேம்பிரிட்ஜ்காரர் முதல் பக்கத்தை ஆக்ஸ்போர்டுக்குக் கொடுத்திருக்கிறார்!

அதில் அவர் வாசகரைக் கவனிக்கச் சொன்னது கல்லூரியின் கம்பீரத்தை அல்ல. வெயிலிலும் மழையிலும் அரித்துப்போன கல்லை. அதே கல்லூரியின் நுழைவாயிலைக் காட்டும் இன்னொரு படத்துக்கு எழுதும்போது, லென்ஸ் வைத்துப் பாருங்கள் என்கிறார். எடுத்தவரே அப்போது கவனிக்காத கல்வெட்டோ தேதியோ கண்ணில் படலாம். தூரத்துக் கடிகாரம் ஒன்று, படம் எடுத்த நேரத்தைச் சொல்லாமல் சொல்லலாம்.

சரி, ஆட்கள் எங்கே? அந்தக் காலத்தில் கேமரா ஒளியை வாங்கி முடிக்க நிறைய நேரம் பிடிக்கும். அசையாமல் நின்றது மட்டும் பதியும். நடந்து போன மாணவர்கள் பதியவே இல்லை. தெரு காலியாக இல்லை. காலியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

1841-ல் வாங்கிய காப்புரிமையை டால்பட் இறுக்கிப் பிடித்தார். அதனால் கெட்ட பெயரும் வாங்கினார். 1854-ல் ஒரு வழக்கு. கண்டுபிடித்தவர் டால்பட்தான் என்றது நடுவர் குழு; ஆனால் எதிராளியின் புது முறை அவருடைய உரிமையை மீறவில்லை என்றும் தீர்ப்பளித்தது. பிறகு, அசிரிய ஆப்பெழுத்துகளைப் படித்தறியும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1877-ல் லேகாக்கிலேயே காலமானார்.

இனி பழைய கேம்பஸ் போட்டோவைப் பார்த்தா, ஜூம் பண்ணுங்க நண்பர்களே. சுவரைப் பாருங்க, நிழலைப் பாருங்க, கடிகாரத்தைத் தேடுங்க. முக்கியமா, அங்கே நடந்துபோயும் பதியாமப் போனவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.