வழி சமைத்தவரே எச்சரித்தார்: கணித மேதை நோபேட் வீனர்

செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சு இன்று நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளைகளின் தொழில் பறிபோகுமோ, போர்க்களத்தில் யாரைக் கொல்வது என்பதை இயந்திரமே தீர்மானிக்குமோ என்ற அச்சம் உலகெங்கும் நிலவுகின்றது. இவ்வச்சம் நேற்றுத் தோன்றியதன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இதனை எடுத்துரைத்தவர், இத்தகைய இயந்திரங்களுக்கு வழி சமைத்த அறிஞர்களுள் ஒருவரான நோபேட் வீனர் ஆவார்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில், 1894ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி ஒரு யூதக் குடும்பத்தில் வீனர் பிறந்தார். தந்தையார் லியோ வீனர், பின்னர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிப் பேராசிரியராக விளங்கியவர். அவரே மகனுக்கு ஆசானானார். சிறு பிழை நேரினும் கடுமையாகக் கண்டிப்பார். எட்டு வயதில் மகனின் பார்வை மங்கவே, ஆறு மாதங்களுக்கு எதையும் வாசிக்கலாகாது என வைத்தியர் கட்டளையிட்டார். அப்போதும் படிப்பு நிற்கவில்லை. பாடங்களைச் செவியால் கேட்டு, கணக்குகளை மனத்துள்ளேயே செய்து பழகினான் சிறுவன்.

பதினொரு வயதில் கல்லூரி புகுந்து, 14 வயதில் பட்டம் பெற்று, 18 வயதில் ஹாவார்டில் கலாநிதியானார் வீனர். நாடே வியந்தது. தந்தையாரோ, மகனிடம் தனித்திறமை எதுவுமில்லை, எல்லாம் தமது பயிற்சியின் பயனே என்று பத்திரிகைகளில் பகிரங்கமாகக் கூறினார். வெற்றி தந்தைக்கு, தோல்வி மட்டுமே தமக்கு என்ற வேதனை நெடுங்காலம் அவரை வாட்டியது. இதனைத் தமது வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே எழுதியுள்ளார்.

1919இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆசிரியராகச் சேர்ந்த வீனர், நாற்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். 1926இல் மார்கிரெட் அம்மையாரை மணந்து, இரு பெண்மக்களுக்குத் தந்தையானார்.

இரண்டாம் உலகப் போரில், பறக்கும் விமானம் அடுத்த கணம் எங்கிருக்கும் என முன்னரே கணித்துப் பீரங்கிக்கு உணர்த்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நாம் ஒரு கோப்பையை எடுக்கக் கை நீட்டும்போது, கண் பார்த்துக்கொண்டேயிருக்க, கை தன் பிழையைத் திருத்திக்கொண்டே செல்கின்றது. இயந்திரமும் இவ்வாறு தன்னைத்தானே திருத்திக்கொள்ள முடியும் என்பதை இப்பணியின்போது அவர் தெளிவாக உணர்ந்தார். இத்துறைக்குச் 'சைபர்னெற்றிக்ஸ்' எனப் பெயரிட்டு 1948இல் நூல் வெளியிட்டார். கப்பலின் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

இதற்கிடையில், 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் அணுகுண்டுகள் வீழ்ந்தன. வீனரின் மனம் மாறியது. ஏவுகணை ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஒருவர் அவரது போர்க்கால ஆய்வின் பிரதியைக் கேட்டபோது, தர மறுத்துக் கடிதம் எழுதினார். அக்கடிதம் 1947 ஜனவரியில் சஞ்சிகையொன்றில் வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. பொறுப்பற்றவர்கள் கையில் தீங்கு விளைக்கக்கூடிய எதையும் இனி வெளியிடுவதில்லை என்பதே அவர் தீர்மானம்.

தொழிலாளரையும் அவர் மறக்கவில்லை. தானியங்கித் தொழிற்சாலைக்கு ஆலோசனை கேட்டு வந்தோரை மறுத்துவிட்டு, 1949 ஆகஸ்டில் மோட்டார் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்ற்றர் ரூதருக்குத் தாமாகவே கடிதம் எழுதினார். இயந்திரங்கள் பெருகினால் தொழிலாளர் வீதிக்கு வருவர், முன்கூட்டியே ஆயத்தமாகுங்கள் என எச்சரித்தார். ரூதர் உடனே தந்தியில் பதிலளித்தார். வீனர் அஞ்சியது போன்ற பெரும் வேலையின்மை அப்போது வரவில்லை என்பது உண்மையே. ஆயினும், ஆதாயம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்ற அவரது கேள்வி இன்றும் அப்படியே நிற்கின்றது.

அவர் பலமுறை எடுத்துக்காட்டிய கதையொன்று உண்டு. வரந்தரும் குரங்குக் கையிடம் ஒரு தந்தை 200 பவுண் கேட்கிறார். பணம் வருகின்றது, ஆனால், அது தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இறந்த அவர் மகனுக்கான நட்டஈடு. இயந்திரமும் இத்தகையதே என்றார் வீனர். நாம் கேட்டதைத் தரும். நாம் உண்மையில் விரும்பியது என்னவென்று அதற்குத் தெரியாது. மேலும், அதன் வேகத்திற்கு மனிதன் ஈடுகொடுக்க இயலாது. தவறு எனக் கண்டு தடுக்குமுன் காரியம் முடிந்துவிடும். 1960இல் எழுதிய கட்டுரையில் இதனை வலியுறுத்தினார்.

1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான விருதைப் பெற்ற அவர், அவ்வாண்டு மார்ச் 18ஆந் திகதி, தமது 69ஆவது வயதில், சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் காலமானார். இறைவனையும், யூத மரபுக் கதைகளில் வரும் களிமண் மனிதனான கோலத்தையும் தலைப்பிலே கொண்ட அவரது கடைசி நூல் அவ்வாண்டே வெளிவந்தது. மனிதன் தீர்மானிக்க வேண்டியதை இயந்திரத்தின் தலையில் சுமத்திவிட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப முயல்வது பெருந்தவறு என்பது அதன் சாரம்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில் இத்தாலியில் கூடிய ஏழு நாடுகளின் உச்சி மாநாட்டில், மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த இயந்திரமும் எடுக்கலாகாது எனப் பாப்பரசர் பிரான்சிஸ் வேண்டினார். வீனர் இயந்திரத்தை வெறுத்தவரல்லர். அதனை ஆக்கத் தெரிந்தவர். ஆக்கக்கூடாத இடத்தில் மறுக்கவும் துணிந்தவர். நம் பிள்ளைகள் இப்புதுக்கலையைக் கற்கட்டும். எதற்காக என்று கேட்கவும், தீங்கெனக் கண்டால் மறுக்கவும் அவர்களுக்குக் கற்பிப்பது பெற்றோரின் கடன்.