லண்டனில் கீதை படித்த மாணவர்

போன மாதம் என் ஹாஸ்டல் ரூம்மேட்டோடு வாட்டர்லூ ஸ்திரீட் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் போயிருந்தேன். அவன் சீனன். அவன் வீட்டில் எல்லாரும் பக்கத்திலிருக்கும் குவான் இம் கோயிலுக்கு வருகிறவர்கள். வந்தால் நம் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்களாம். வெளியே வந்ததும், கீதையில் அப்படி என்னதான் சொல்லியிருக்கிறது என்று கேட்டான். பலனை நினைக்காமல் கடமையைச் செய்யச் சொல்கிறது என்றேன். அப்படியானால் சொந்தக்காரர்களையே எதிர்த்து ஏன் சண்டை போடச் சொன்னார் என்று அடுத்த கேள்வி போட்டான். எனக்குப் பதில் தெரியல. உண்மையைச் சொன்னால், நான் கீதையைப் படித்ததே இல்லை.

அதே தெருவில் 1878ல் திறக்கப்பட்ட யூதர்களின் மகேன் அபோத் ஆலயம் இருக்கிறது. பல நாடுகளில் வாழும் யூதக் குடும்பங்கள், டீன் ஏஜ் பிள்ளைகளைச் சில வாரங்களோ ஒரு பள்ளித் தவணையோ இஸ்ரேலுக்குப் படிக்க அனுப்புகின்றன. வகுப்பில் படித்த சரித்திரத்தை அந்தந்த இடத்துக்கே போய்ப் பார்ப்பார்கள். தாங்கள் யார் என்று தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். நமக்கும் இப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான், அதற்கு நேர் எதிர்த் திசையில் கப்பல் ஏறிய ஒரு 18 வயசுப் பையன் ஞாபகத்துக்கு வந்தார். அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

காந்தியை நமக்குக் கைத்தடியோடும் ராட்டையோடும்தான் தெரியும். அதற்கு முந்தைய காந்தி வேறு. 1869 அக்டோபர் 2ஆம் தேதி போர்பந்தரில் பிறந்தவர். 13 வயதில் கல்யாணம். அப்பா 1885ல் போய்விட்டார். மெட்ரிகுலேஷன் தேறி பாவ்நகர் கல்லூரியில் சேர்ந்து, பாடம் ஒன்றும் புரியாமல் ஒரு தவணையிலேயே வீட்டுக்குத் திரும்பினார். அப்போது குடும்ப நண்பர் ஒருவர், லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் ஆகலாமே என்று யோசனை சொன்னார். மோகன்தாஸ் துள்ளிக் குதித்தார்.

அம்மா புத்லிபாய் பயந்துபோனார். அங்கே போகிற பிள்ளைகள் கெட்டுவிடுகிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். கடைசியில் குடும்பத்துக்கு வேண்டிய ஒரு ஜைனத் துறவியின் முன்னால், மது, மாமிசம், பெண் ஆகிய மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் சத்தியம் செய்த பிறகுதான் சம்மதித்தார். பம்பாயில் இன்னொரு தடை. கடல் கடப்பது தர்மத்துக்கு விரோதம் என்று சாதிக் கூட்டம் போட்டு அவரைத் தள்ளிவைத்தார்கள். அவருக்கு உதவினாலோ, துறைமுகத்துக்குப் போய் வழியனுப்பினாலோ ஒரு ரூபாய் நாலணா அபராதம். அப்படியும் 1888 செப்டம்பர் 4ஆம் தேதி கப்பல் ஏறினார்.

லண்டனில் முதல் பிரச்சினை சாப்பாடு. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மற்ற வேளைகளில் கீரை, ரொட்டி, ஜாம். இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கேட்கக்கூடக் கூச்சம். பாவம், பாதி வயிறுதான். அம்மாவுக்குச் செய்த சத்தியம் எல்லாம் ஒரு சத்தியமா, மாமிசம் சாப்பிடு என்று கூட இருந்த நண்பர் தினமும் வாதம் செய்தார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாமிசம் தப்பு என்று அப்போது காந்தியே நம்பவில்லை! வெள்ளைக்காரன் பலசாலியாக இருப்பதற்குக் காரணம் மாமிசம்தான் என்று நினைத்து, ஊரில் வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிட்டுப் பார்த்தவர் அவர். லண்டனில் அவரைத் தடுத்தது அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு மட்டும்தான்.

தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடி, ஒருநாள் ஃபாரிங்டன் ஸ்திரீட்டில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களில் ஹென்றி சால்ட் என்ற ஆங்கிலேயர் சைவ உணவைப் பற்றி எழுதியதை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். அந்தப் புத்தகத்தை முழுவதும் படித்து முடித்தபோது, அதுவரை அம்மாவுக்காக இருந்த சைவம் அவருடைய சொந்த முடிவாக மாறியிருந்தது. பிறகு லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். 1891ல் அதன் பத்திரிகையில் இந்தியர்களின் உணவு, பண்டிகைகள் பற்றிக் கட்டுரைகளும் எழுதினார். நம் வீட்டுப் பழக்கத்தை மற்றவர்களுக்கு விளக்க உட்கார்ந்தால்தான் நமக்கே அது புரிகிறது, இல்லையா?

அவர் தடுமாறாமல் இருந்துவிடவில்லை. கொஞ்ச காலம் முழு வெள்ளைக்காரராக மாறப் பார்த்தார். பத்து பவுனுக்கு சூட், 19 ஷில்லிங்குக்குத் தொப்பி, மூன்று பவுன் கட்டி டான்ஸ் கிளாஸ், மூன்று பவுனுக்கு ஒரு வயலின். தாளத்துக்குக் கால் வரவில்லை. சுமார் மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படிக்க வந்த வேலையைப் பார்த்தார். கல்யாணம் ஆனதையும் சில காலம் மறைத்தார். பிறகு, தன்னிடம் அன்பாக இருந்த ஒரு வயதான அம்மாளுக்குக் கடிதம் எழுதி உண்மையை ஒப்புக்கொண்டார். இன்னர் டெம்பிள் சட்ட விடுதி விருந்துகளில் நாலு மாணவர்களுக்கு இரண்டு பாட்டில் ஒயின் வைப்பார்கள். இவர் குடிக்க மாட்டார் என்பதால், நம்ம மேசைக்கு வா என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்களாம்!

லண்டனில் இரண்டாம் வருஷம் முடியும் சமயத்தில் தியாசபிகல் சங்கத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரர்களைச் சந்தித்தார். அவர்கள் எட்வின் ஆர்னால்ட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கீதையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இந்து ஆயிற்றே, சமஸ்கிருத மூலத்தை எங்களோடு சேர்ந்து படியுங்கள் என்று கூப்பிட்டார்கள். காந்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. சமஸ்கிருதத்தில் மட்டுமல்ல, தாய்மொழியான குஜராத்தியில்கூட அவர் கீதையைப் படித்ததில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். அதே காலத்தில் புத்தர் வரலாற்றையும் பைபிளையும் படித்தார். இயேசுவின் மலைப்பிரசங்கம் மனத்தைத் தொட்டது. மற்ற மதங்களைப் படித்ததால் தன் மதம் அவரை விட்டுப் போகவில்லை.

1891 ஜூன் 10ஆம் தேதி பாரிஸ்டர் ஆனார். 12ஆம் தேதியே ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். அம்மாவைப் பார்க்க அவ்வளவு அவசரம். பம்பாயில் இறங்கியதும்தான் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். அவர் லண்டனில் இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். தூர தேசத்தில் தம்பி தாங்க மாட்டார் என்று மறைத்துவிட்டார்கள். மூன்று சத்தியத்தையும் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்ல வந்தவருக்கு, அதைக் கேட்க அம்மா இல்லை.

லண்டனில் தொடங்கிய படிப்பு அதோடு நிற்கவில்லை. பிறகு தென்னாப்பிரிக்காவில், காலையில் பல் துலக்கும் 15 நிமிஷத்தில் சுவரில் ஒட்டிய கீதை சுலோகங்களைப் பார்த்து மனப்பாடம் செய்தார். அங்கே அவரோடு போராட்டத்தில் நின்ற தமிழர்களுக்காகத் தமிழும் கற்றார். 1910ல் டால்ஸ்டாய் பண்ணைக்கு நிலம் கொடுத்த நண்பர் காலன்பாக் ஒரு யூதர். 1948 ஜனவரி 30ஆம் தேதி காந்தி சுடப்பட்டு இறந்தார். தேக்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ரேஸ் கோர்ஸ் லேனில் அவர் பெயரில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. 1950ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறக்கப்பட்டது. எத்தனையோ முறை அந்தப் பக்கம் சாப்பிடப் போயிருக்கிறேன். போன வாரம்தான் நின்று பார்த்தேன்.

வருகிற ஆகஸ்டில் நானும் ஒரு செமஸ்டர் ஐரோப்பாவுக்கு எக்ஸ்சேஞ்ச் போகிறேன். அங்கே போய் மாறிவிடுவேனோ என்று அம்மாவுக்குக் கவலை. அந்தக் கவலை தப்பு என்று இனிமேல் சொல்ல மாட்டேன். வெளிநாடு யாரையும் தானாகக் கெடுப்பதும் இல்லை, தானாகத் திருத்துவதும் இல்லை. அங்கே யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். தெரியாது என்று ஒப்புக்கொண்டு தேடிப் போகிறோமா, சிரித்து மழுப்புகிறோமா என்பதுதான் விஷயம். என்னைக் கேட்கிற ஆள் வாட்டர்லூ ஸ்திரீட்டிலேயே கேட்டுவிட்டான்.

சிராங்கூன் ரோட்டில் தமிழ் உரையோடு ஒரு கீதை வாங்கியிருக்கிறேன். ரூம்மேட் கேட்டதைத்தான் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனனும் கேட்கிறான். இரண்டாம் அத்தியாயம் போய்க்கொண்டிருக்கிறது. அவனுக்கு இன்னும் முழுப் பதில் சொல்ல முடியல. அம்மா என்னிடம் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணு, அது போதும் என்றார். சரிம்மா என்றேன்.